மழை பெய்தால் டிரிப், ஐஸ் பெட்டியைத் தொட்டால் சுரீர்: பழைய வீட்டு வயரிங், சுங்கை சிப்புட்

சுங்கை சிப்புட் வீட்டுக்காரி

வணக்கம். மலேசியா, பேராக்கில் சுங்கை சிப்புட் டவுனை ஒட்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் வீடு. பாதிச் சுவர் செங்கல், மேலே பலகை, தகரக் கூரை. வயரிங் 1970களில் போட்டது. பின்கட்டுச் சமையலறை பிறகு சேர்த்தது. பழைய பீங்கான் பியூசுகளை எடுத்துவிட்டு ஓர் ஆர்சிசிபியும் (கரண்ட் ஒழுகினால் தானாக அறுக்கும் சுவிட்சு; 40 ஆம்பியர், 100 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது) நான்கு எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்சு) வைத்த சின்னப் பெட்டி இருக்கிறது. வயர் மட்டும் பழையதேதான்.

கனமழை பெய்தால் ஆர்சிசிபி டிரிப் ஆகிறது, காய்ந்ததும் நிற்கிறது. ஐஸ் பெட்டிக் கைப்பிடியை வெறுங்காலோடு தொட்டால் சுரீர் என்கிறது. இதற்கிடையில் 3.6 கிலோவாட் சுடுநீர் ஹீட்டர் வாங்கியாகிவிட்டது. சாதாரண பிளக்கில் போட்டுக்கொள்ளலாமாம். பக்கத்து வீட்டு மாமா, ஆர்சிசிபியைக் கழற்றி நேராகக் கொடுத்தால் தொல்லை விட்டது என்கிறார். என்ன செய்யலாம்?

மூன்று பேஸ் வயர்மேன்

அக்கா, மாமா சொல்வதை மட்டும் செய்துவிடாதீர்கள். வயரில் போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இல்லை, எங்கோ ஒழுகுகிறது என்று அந்த ஆர்சிசிபிதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் இரண்டு கோளாறு தனித்தனியாக இருக்கிறது. மழைக்கு டிரிப் ஆவது ஒழுக்கு. ஐஸ் பெட்டி சுரீர் என்பது எர்த் (ஒழுகும் கரண்டை மண்ணுக்கு அனுப்பும் பச்சை வயர் வழி) இல்லை என்பதற்கு அடையாளம். இரண்டாவதுதான் ஆபத்து. எர்த் இல்லாத வீட்டில், ஒரு சாமானின் தகர உடம்பில் கரண்ட் ஏறினால் அது போக வழி இல்லை, ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். யாராவது தொடும்போது அவர் உடம்பு வழியாகத்தான் டிரிப் ஆகும். அதுவும் 100 மில்லி ஆம்பியர் உயிரைக் காப்பாற்றும் அளவு இல்லை. ஆளைக் காக்க 30 வேண்டும், ஈரமான இடத்துக்கு 10.

இன்றைக்கே ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் மெஷின் இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள். எர்த் கட்டை (பச்சை வயர்கள் எல்லாம் பெட்டியில் சேரும் இடம்) மண்ணோடு சேராமல் அறுந்து தொங்கினால் எல்லா மூன்றாவது பின்னும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கும். மெஷின் பழுதானால் ஐஸ் பெட்டி அடிக்கும். எது குற்றவாளி என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

இரண்டு கேள்வி:
1. பெட்டியிலிருந்து வரும் பச்சை வயர் எங்கே போய் முடிகிறது?
2. அடுத்த மழையில் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் ஏற்றினால் நிற்கிறதா? நின்றால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் விழுகிறது? காலில் செருப்பு, கை காய்ந்திருக்கட்டும்.

கிந்தா டெஸ்டர்

ஒரு குறிப்பு. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதே, அப்புறம் என்ன என்று பலர் நினைப்பார்கள். அந்தப் பட்டன் உள்ளுக்குள்ளேயே ஒரு சின்ன ஒழுக்கை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. மாதம் ஒருமுறை அமுக்குவது நல்லதுதான், ஆனால் அது எர்த் சோதனை ஆகாது. டெஸ்ட் பேனா எரிவதும் அப்படியே.

சுங்கை சிப்புட் வீட்டுக்காரி

பச்சை வயர் வெளியே தண்ணீர்க் குழாயில் கிளிப் போட்டுக் கட்டியிருக்கிறது. பழைய இரும்புக் குழாய்தான், ஆனால் மீட்டர் பக்கம் போன வருஷம் கறுப்பு பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிட்டார்கள்.

மழையில் பார்த்தேன். எல்லா எம்சிபியும் இறக்கினால் ஆர்சிசிபி நிற்கிறது. ஒவ்வொன்றாக ஏற்றினாலும் நிற்கிறது. கெட்டிலைப் போட்டால்தான் விழுகிறது. பின்கட்டு விளக்கு எம்சிபியை இறக்கிவைத்தும் கெட்டிலுக்கு விழுந்தது. கெட்டில்தான் கெட்டுவிட்டதா? காய்ந்த நாளில் அதே கெட்டில் ஒழுங்காகக் கொதிக்கிறது.

மூன்று பேஸ் வயர்மேன்

கெட்டில் மேல் பழி போடாதீர்கள். ஏதோ ஒரு சர்க்யூட்டின் நியூட்ரல் (கரண்ட் திரும்பி வரும் வயர்) மண்ணைத் தொடுகிறது. உங்கள் எம்சிபி ஒரு போல் (கரண்ட் போகும் வயர்) மட்டும் அறுக்கும், நியூட்ரல் எப்போதும் பெட்டியிலுள்ள நியூட்ரல் கட்டையில் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் பின்கட்டு விளக்கை இறக்கியும் பயனில்லை. நியூட்ரலில் வோல்ட் கொஞ்சம்தான், லோடு இல்லாதபோது ஒழுக்கு 100 மில்லி ஆம்பியரை எட்டாது. கெட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும்போது நியூட்ரல் வோல்ட் ஏறி, ஒரு பங்கு மண் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. விழுகிறது.

தகரக் கூரை வீட்டில் வழக்கமாக இது இருக்கும் இடம், கூரைச் சட்டத்தில் டேப் சுற்றிய ஜாயின்ட், அல்லது வெளிச்சுவர் விளக்கின் பின்பக்கம். பின்கட்டுக்குப் பழைய வயரிலிருந்து இழுத்திருப்பார்கள் இல்லையா, அந்தச் சேர்மானத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் போன கதையும் தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் போட்ட அன்றே உங்கள் எர்த் அறுந்தது. குழாயை நம்பி எர்த் கட்டிய வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. ஊருக்கே சொல்ல வேண்டிய விஷயம்.

வேலை வரிசை:

முதலில் எர்த். செம்பு பூசிய இரும்புக் கம்பி, 16 மி.மீ. குறுக்களவு, 1.5 மீட்டர் நீளம், பெட்டிக்கு அருகில் ஈரம் தங்கும் இடத்தில் அடித்து, மேலே சின்ன சிமெண்டுக் குழி வைக்க வேண்டும். மூடிப் பூசிவிட்டால் பிறகு கிளாம்பைப் பார்க்க முடியாது. எர்த் டெஸ்டரில் 10 ஓமுக்குக் கீழே வர வேண்டும். செம்மண் மேட்டில் ஒரு கம்பிக்கு வராது. அப்போது இன்னொரு கம்பியைச் சேர்த்து ஆழமாக இறக்கலாம், அல்லது ஒரு கம்பி நீளமாவது தள்ளி இரண்டாவதை அடித்து இணைக்கலாம். அருகருகே இரண்டு அடித்தால் ஒன்றுக்குச் சமம். இரும்புக் குழாயையும் எர்த் கட்டையோடு சேர்த்துவிடுங்கள், குழாயை எர்த்தாக நம்பி அல்ல, அதில் கரண்ட் ஏறாமலிருக்க.

இரண்டாவது மெகர் (வயரின் மேலுறை கரண்டைத் தடுக்கிறதா என்று அளக்கும் கருவி). எல்லா பிளக்கும் கழற்றி, எல்இடி பல்புகளையும் எடுத்துவிட்டு 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பல்பு போய்விடும். நியூட்ரல்களை நியூட்ரல் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து அளக்கணும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த சர்க்யூட்டை மாற்ற வேண்டும். காய்ந்த நாளில் அளந்தால் எல்லாம் நல்ல எண் காட்டும். ஈரம் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

கிந்தா டெஸ்டர்

வயரை வெட்டும்போது உள்ளே பாருங்கள். வெள்ளி நிறத்தில் மூன்று இழை, மேலே ரப்பர் என்றால் அது மெட்ரிக்குக்கு முந்திய 3/029 (0.029 அங்குல இழை மூன்று), சுமார் 1.3 சதுர மி.மீ. தான். அதில் 20 ஆம்பியர் எம்சிபி வைத்திருந்தால், எம்சிபி விழுவதற்கு முன் வயர் வெந்துவிடும். ரப்பர் மடக்கினால் நொறுங்குகிறதா? அப்படியானால் ஜாயின்ட் மட்டும் சரிசெய்வது வீண், முழு ரீவயரிங்தான்.

மூன்று பேஸ் வயர்மேன்

ஆமாம். புதிதாக இழுத்தால் விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., 6 ஆம்பியர். பிளக்குக்கு 2.5, 20 ஆம்பியர். ஹீட்டருக்கு 4, 20 ஆம்பியர். எல்லாவற்றிலும் பச்சை வயர் கட்டாயம்.

ஹீட்டர் 3600 வாட், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 15.7 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக் தாங்காது. பின் சூடேறி சாக்கெட் பழுப்பாகிவிடும். பெட்டியிலிருந்து தனி சர்க்யூட், தனியாக 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, குளியலறைக்கு வெளியே 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்சு. ஹீட்டருக்குள்ளேயே ஈஎல்சிபி (ஆர்சிசிபி மாதிரி ஒழுக்குக் காப்பு) இருக்கிறது என்று கடையில் சொல்வார்கள். அது சுவருக்குள் ஓடும் வயரைக் காக்காது. முக்கியமாக, ஹீட்டரின் நியூட்ரல் அந்த 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியிலிருந்தே வர வேண்டும். பழைய நியூட்ரல் கட்டையில் செருகினால் ஹீட்டரைத் திறந்ததும் விழும். பிறகு ஹீட்டரை மாற்றுங்கள் என்பார்கள்.

லயத்து வீடு

இடையில் ஒரு சந்தேகம். தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறோம், இதே மாதிரிதான். நாங்களே ஆள் வைத்துச் செய்யலாமா?

கிந்தா டெஸ்டர்

வேண்டாம் தம்பி. அது தோட்டத்துச் சொத்து. 1990ஆம் ஆண்டின் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 446 வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பதை முதலாளி பொறுப்பாக்குகிறது. ஆபீசில் எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கு (தொழிலாளர் இலாகா) போங்கள்.

சுங்கை சிப்புட் வீட்டுக்காரி

எல்லோருக்கும் நன்றி. ஆள் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும்?

மூன்று பேஸ் வயர்மேன்

சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையம்) பதிந்த குத்தகைக்காரரா, வயர்மேன் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் போராங் ஜி (வேலை முடிந்த சான்று), போராங் எச் (சோதனைச் சான்று) இரண்டும் எர்த் ஓம், மெகர் எண் எழுதி வர வேண்டும். எண் இல்லாத காகிதத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். டிஎன்பி (மின்சார நிறுவனம்) வைத்த மீட்டர் சீலை யாரும் தொடக் கூடாது, சப்ளை நிறுத்துவதை அவரே டிஎன்பியிடம் ஏற்பாடு செய்வார்.

கூரைக்குள் கிடக்கும் பழைய வயரையும் முழுதாக உருவச் சொல்லுங்கள். அப்படியே விட்டால், பின்னால் விளக்கு மாட்ட வருகிற ஒருவர் அதில் எதையாவது இணைத்துவிடுவார்.