அப்டேட்: வாஷ்பேசின் கேபினட், குழாய் மாட்டியாச்சு, கசிவும் நின்னுடுச்சு

புது கேபினட் வச்சு சிங்கிள் லீவர் குழாய் மாட்டினதுல இருந்து, கீழ ஆங்கிள் வால்வுல (சுவத்துல இருந்து வர்ற தண்ணிய தொறந்து மூடுற சின்ன வால்வு) குழாய்க்குப் போற ஹோஸ் சேர்ற இடத்துல தண்ணி சொட்டுதுன்னு இங்க கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஹோஸ் நட்டை கழட்டிப் பாத்தா உள்ள இருக்குற ரப்பர் வாஷர் ஓரத்துல பிறை மாதிரி கிழிஞ்சிருக்கு, பாக்கெட் பிரிச்ச புது ஹோஸ்தான் அது! டெஃப்லான் டேப் சுத்துங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க, ஆனா அந்த எடத்துல தண்ணிய அடைக்கிறது வாஷர்தான், மரை இல்ல, டேப் வேண்டியது வால்வு சுவத்துக்குள்ள போற மரைக்குத்தான். வேற ஹோஸ் போட்டு கையால இறுக்கி, ஸ்பேனர்ல கால் சுத்து மட்டும் குடுத்தேன். அப்புறம் வால்வ தொறந்துவிட்டு அடியில டிஷ்யூ பேப்பர் வச்சு பாத்தேன், காலைலயும் அப்படியே காஞ்சு கெடந்துச்சு, அவ்ளோ நிம்மதி.

கேபினட் மேல மார்பிள்ங்கிறதால வேஸ்ட் கப்ளிங்குக்கு (தண்ணி வெளிய போற ஓட்டையில மாட்டுறது) பிளம்பர் புட்டி வேணாம், எண்ணெய்க் கறை புடிக்கும்னு ஒருத்தர் சொன்னது நல்லதா போச்சு, சிலிக்கான் சீலன்ட்தான் போட்டு 24 மணி நேரம் தண்ணி படாம விட்டேன்.

இன்னொன்னு, குழாய் மாட்டினதும் முனையில இருக்குற ஏரேட்டர (தண்ணியோட காத்த கலந்து விடுற சின்ன சல்லடை) கழட்டிட்டு கொஞ்ச நேரம் தண்ணிய ஓட விடுங்க, பைப்புல இருந்த மண்ணும் பிளாஸ்டிக் தூளும் அவ்ளோ வந்துச்சு.