அகலப்படுத்திய மட்கார்டில் பெட்ரோல் கதவு உரசுகிறது, பெட்ரோலும் நின்று நின்று ஏறுகிறது – உதவி தேவை

கேள்வி (மன்னார்குடி)
பழைய காரின் பின் மட்கார்டை 40 மி.மீ. வெளியே தள்ளி, 20 கேஜ் ஷீட்டில் புதிதாகக் கட்டியிருக்கிறோம். ஸ்கிராப்பில் கிடைத்த வேறொரு காரின் பெட்ரோல் கதவை, அதன் பின்னால் டேங்க் மூடி உட்காரும் கிண்ணத்தோடு வெட்டி எடுத்து இதில் வெல்டிங் வைத்தாயிற்று. மூடியிருக்கும்போது அழகாக இருக்கிறது. திறந்தால் கீல் பக்க விளிம்பு பாடியில் உரசி பெயின்ட் பெயர்கிறது. அமுக்கித் திறக்கும் லாக் நாலு தடவையில் ஒரு தடவைதான் விடுகிறது. பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு ஒரு முறை ஊற்றும் நாசில் டக்கென்று நிற்கிறது. மழை பெய்தால் கிண்ணத்தில் தண்ணீர். எதிலிருந்து ஆரம்பிக்க?

பதில் (கும்பகோணம்)
உரசலில் இருந்து ஆரம்பியுங்கள் தம்பி. கதவு சுழலும் கீல் ஊசி ஷீட்டுக்கு உள்ளே, பாடிக்கு அடியில் இருக்கிறது. அந்த ஊசி எவ்வளவு ஆழமோ, அவ்வளவு சீக்கிரம் விளிம்பு மேலே எழும்புவதற்குள் பாடிப் பக்கம் நகர்ந்துவிடும். கிண்ணத்தை ஆழமாக வைத்துவிட்டு, மட்டம் சரியாக வரக் கதவு மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விளிம்பு தடித்தால் உரசல் இன்னும் கூடும்.

லாக்கையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, விளிம்பில் மார்க்கர் பூசி மெதுவாகத் திறங்கள். மை எங்கே ஒட்டுகிறதோ அதுதான் இடம். கீல் கையில் இருக்கும் போல்ட் துளையை ஃபைல் போட்டு நீளமாக்கி, கதவை உரசும் இடத்திலிருந்து 1.5 மி.மீ. விலக்கித் தள்ளுங்கள். பெயின்டுக்கு முன் வெறும் தகரத்தில் சுற்றிலும் 4 மி.மீ. இடைவெளி வேண்டும், கீல் பக்கம் 4.5. பிரைமரும் பெயின்டும் ஏறினால் அது தானாகக் குறையும்.

பதில் (தஞ்சாவூர்)
லாக் விஷயம் வேறு. அமுக்கித் திறக்கும் லாக் விடுபட, கதவு மட்டத்திலிருந்து இன்னும் 3 மி.மீ. உள்ளே போக வேண்டும். உங்கள் கதவு மூடியதுமே கிண்ணத்து உதட்டிலோ ரப்பர் புஷ்ஷிலோ முட்டி நிற்கிறது, அதற்கு மேல் அமுங்க இடமில்லை. ரப்பரை 2 மி.மீ. சீவிப் பாருங்கள். அதிலும் விடவில்லை என்றால்தான் லாக்கை மாற்ற யோசிக்க வேண்டும்.

கேட்டவர்
பட்டியைச் சுரண்டிப் பார்த்தேன் அண்ணே, கீல் பக்கம் 4 மி.மீ. இருக்கிறது.

பதில் (கும்பகோணம்)
அப்படியானால் துளை நீட்டுவது ஒட்டுவேலைதான். கிண்ணத்தை அறுத்து வெளியே கொண்டு வந்து திரும்ப வையுங்கள். காலண்டர் அட்டையில் மட்கார்டின் வளைவை வெட்டி எடுத்து, அதைக் கதவு மேல் வைத்துப் பாருங்கள். வளைவு பொருந்தாவிட்டால் அந்தக் கதவுத் தகட்டை விட்டுவிட்டு, மட்கார்டு ஷீட்டிலிருந்தே புதுத் தகடு வெட்டிக் கீல் கையில் பொருத்துவதே மேல். வெல்டிங் புள்ளி புள்ளியாக, எதிரெதிர்ப் பக்கமாக, ஆறவிட்டு ஆறவிட்டு. ஒரே ஓட்டமாக இழுத்தால் 20 கேஜ் நெளிந்துவிடும், மறுபடி பட்டிதான்.

பதில் (நாகப்பட்டினம்)
யாரும் சொல்லாததால் சொல்கிறேன்: வெல்டிங்குக்கு முன் டேங்கைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள். காலி டேங்க் என்ற தைரியம் வேண்டாம், ஆவி நிறைந்த காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள்.

நாசில் நிற்பதற்குக் காரணம் குழாய். நாசில் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் அதை மூடினால் காற்று தடைபட்டு வால்வு விழும். 40 மி.மீ. நீட்டியதில் ஊற்றும் குழாய் நடுவில் மட்டமாகியிருக்கும், அல்லது டேங்கின் காற்று வெளியேறும் குழாய் தொங்கி அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் நிற்கும். ஊற்றும் குழாய் வாயிலிருந்து டேங்க் வரை இறக்கமாகவே போக வேண்டும். காற்றுக் குழாய் டேங்கிலிருந்து வாய்க்கு ஏற்றமாகவே வர வேண்டும், எங்கும் மடியக் கூடாது.

எந்த ஹோஸ் போட்டீர்கள்?

கேட்டவர்
ரேடியேட்டர் ஹோஸ் துண்டு.

பதில் (நாகப்பட்டினம்)
இன்றே கழற்றுங்கள். அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பி, கிளிப் இருக்கும் இடத்தில் கசியும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதற்கேற்ற பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டே வாங்குங்கள். ஒவ்வொரு முனைக்கும் கிளிப் போடுங்கள். நடுவில் ரப்பர் வந்தால் ஊற்றும் குழாய் வாயின் இரும்புக் கழுத்துக்கும் பாடிக்கும் மின் தொடர்பு அறுந்திருக்கலாம். ஒரு எர்த் ஒயர் கட்டி மல்டிமீட்டரில் பாருங்கள்.

தண்ணீருக்கு, கிண்ணத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் 8 மி.மீ. துளை, அதில் ரப்பர் டியூப், டியூபின் மறுமுனை வண்டிக்குக் கீழே வெளியில். மட்கார்டின் உள்குழியில் விட்டால் எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஷீட் உள்ளிருந்தே தின்னப்படும். வெல்டிங் ஓரத்தில் சீலர், உட்புறம் ஜிங்க் பிரைமர். ஐப்பசி மழைக்கு முன்பே டேங்க் மூடியை இறுக்கிவிட்டு, கிண்ணத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நிற்காமல் முழுதும் கீழே இறங்க வேண்டும்.

பதில் (தஞ்சாவூர்)
டேங்க் இருந்த இடத்திலேயே இருக்கிறதா? அதை நகர்த்தியிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடிக்கும்.

கேட்டவர்
டேங்க் நகரவில்லை சார். கிண்ணத்தை நாளை அறுக்கிறோம், டேங்கை முதலில் இறக்கிவிட்டு.