டீவெட் (தொழிற்கல்வி), கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சவங்க: மனசை விட்டுப் போகாத ஒரு நாளைச் சொல்லுங்க (தென்னாப்பிரிக்கா)

சாட்ஸ்வொர்த் அக்கா

நேரா விஷயத்துக்கு வர்றேன். மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிச்சு 24 வருஷம் கழிச்சு டர்பன்ல ஒரு டீவெட் கல்லூரியில என்-4 கணக்கியல் சேர்ந்தேன். என்-4 எப்படின்னு இங்க எல்லாருக்கும் தெரியும். என்-4, 5, 6னு மூணு படியில இது முதல் படி. ஆறு மாசம், நாலு பாடம். வகுப்பு மார்க் 40 இருந்தாத்தான் பரீட்சை எழுத விடுவாங்க.

பக்கத்து நாற்காலி டர்பனை ஒட்டின உம்லாசியிலிருந்து வர்ற ஒரு பொண்ணோடது. 19 வயசு. டெபிட், கிரெடிட்னு நான் தடுமாறுறப்ப என் நோட்டை இழுத்து, நெடுக்க ஒரு கோடு, குறுக்க ஒரு கோடு போட்டு, "பேங்க் கணக்குல உள்ள வந்தா இடது, வெளிய போனா வலது, ஆன்ட்டி"ன்னு பென்சிலால தட்டிக் காட்டுவா. எனக்குக் கணக்கு புரிஞ்சது அந்தக் கோட்டுலதான்.

மே மாசம் ரெண்டாவது டெஸ்ட். முந்தின நாள் டக் ஷாப் (கல்லூரித் தின்பண்டக் கடை) பக்கத்துல நிக்கிறப்ப, "நாளைக்கு வருவேனான்னு தெரியல ஆன்ட்டி, போக்குவரத்துப் பணம் இன்னும் வரல"ன்னா. என் பர்ஸ்ல 50 ராண்ட் நோட்டு இருந்தது. டாக்ஸிக்கு (இங்க அது ஷேர் வேன்தான்) போக வர அது தாராளம். நான் ரெண்டு சமூசா வாங்கி ஒண்ணை அவ கையில கொடுத்தேன். ஏதோ நல்லது பண்ணிட்டோம்னு நினைச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவ வரல. டாக்டர் சீட்டு இல்லாட்டி டெஸ்டுக்கு சைபர்.

ஜூன்ல கண்ணாடிக் கதவுல வகுப்பு மார்க் லிஸ்ட் ஒட்டினாங்க. அவ விரலை வச்சு மேலிருந்து கீழே இறக்கிக்கிட்டே வந்தா. அவ நம்பர் வந்ததும் விரல் அப்படியே வலது பக்கமா நகர்ந்துச்சு. 39. அவ அழல. யார்கிட்டயும் கேட்கவும் இல்ல. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, "சாலா காஷ்லே, ஆன்ட்டி"ன்னா. ஜூலு பாஷையில கிளம்புறவங்க இருக்கிறவங்களைப் பார்த்து 'நல்லா இரு'ன்னு சொல்றது அது. பதிலுக்கு நான் "ஹாம்பா காஷ்லே" சொல்லியிருக்கணும், 'நல்லபடியா போய்ட்டு வா'ன்னு. வாய் வரல. கதவைத் திறந்துட்டாங்க, ஸ்டூடண்ட் கார்டை எடுத்துக்கிட்டு நான் உள்ள போயிட்டேன்.

பீனிக்ஸ் ஃபிட்டர்

அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா மார்க் விஷயத்துல 40னா 40தான். 39-ஐ உள்ள விட்டா நாளைக்கு 38 வந்து நிக்கும்.

என் கதை சின்னது. ஃபிட்டிங் அண்ட் டர்னிங், ஒர்க்‌ஷாப்ல முதல் வேலை. ஒரு இரும்புக் கட்டையை வெறும் அரத்தால ராவி நாலு பக்கமும் மட்டமா கொண்டு வரணும். மூணு நாள் ராவினேன், உள்ளங்கையில கொப்புளம். வாத்தியார் மட்டப்பலகையை அது மேல வச்சு, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சார். இடுக்குல தலைமுடி அளவுக்கு வெளிச்சம் தெரிஞ்சது. ஒண்ணுமே பேசாம கட்டையை என் முன்னால திரும்ப வச்சுட்டுப் போயிட்டார். அந்த ஒரு கீத்து வெளிச்சம் இன்னிக்கும் கண்ணுல இருக்கு. இப்போ என்கிட்ட வேலை கத்துக்கிற பசங்களுக்கும் நான் அதையேதான் செய்யறேன்.

இனி சேரப் போறவங்களுக்கு நாலு வார்த்தை. நாட்டுல 50 அரசு டீவெட் கல்லூரி இருக்கு, எல்லாத்துலயும் எல்லாப் பாடமும் இருக்காது, விசாரிச்சுட்டுப் போங்க. மேட்ரிக் ரிசல்ட் வந்ததுக்கு மறுநாள் வாசல்ல வரிசை எந்தத் தெருவுல முடியும்னு சொல்ல முடியாது, அதனால முந்தின வருஷமே விண்ணப்பம் போட்டுடுங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3,50,000 ராண்டுக்குள்ள இருந்தா அரசு உதவித்தொகைக்கு மனு போடலாம், ஆனா வருகைப்பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. முக்கியமா, என்-6 பாஸ் பண்ணின கையோட டிப்ளமோ வந்துடும்னு நம்பி உட்காராதீங்க. வணிகப் பாடம்னா அதுக்கு மேல 18 மாசம் வேலை அனுபவம் காட்டணும். அந்த இடத்தை என்-5 படிக்கிறப்பவே தேடுங்க. மாமா கடையா இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலை பார்க்கிற ஆபீஸா இருந்தாலும் சரி. அந்த அனுபவத்தைக் குறிக்கிற லாக்புக்ல மாசா மாசம் கையெழுத்து வாங்கிடுங்க, கடைசியில மொத்தமா வாங்கிக்கலாம்னு விட்டவங்க அலைஞ்சதை நான் பார்த்திருக்கேன்.

பழைய டர்பன்

தம்பி, 39 வாங்கிய அந்த மகள் டிப்ளமோவுக்கு வழி கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தை மேகசின் பேரக்ஸ் என்ற நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றிய பிறகு, 1969-இல், பகலில் துணி ஃபேக்டரியிலும் இரவில் எம்.எல்.சுல்தான் டெக்னிக்கல் காலேஜிலுமாக என் நாள் போயிற்று. கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தை ஒட்டிய அந்தக் கட்டடத்தில் விளக்கு எரியும் ஜன்னல்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டே மேடு ஏறுவேன். 1890-இல் மலபாரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்கு வந்தவர் சுல்தான். நம் பிள்ளைகள் தொழில் படிக்க இடமில்லை என்று தன் பணத்தைக் கொடுத்தவர். 1946-இல் அவர் பெயரில் கல்லூரி வந்தது. 2002-இல் அதை இன்னொரு கல்லூரியோடு இணைத்துவிட்டார்கள். இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதிலிருந்து வந்ததுதான்.

டைப்பிங் வகுப்பில் எனக்கு முன் வரிசையில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். என் அப்பா வயது. யூனிஃபார்மைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே வருவார். ஒரு நாள் தலை கவிழ்ந்து தூங்கிவிட்டார், ஆனால் இரண்டு கையும் மெஷின் மேலேயே இருந்தன, விரல்கள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. ஆசிரியர் வந்து நின்று பார்த்தார். எழுப்பவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'வந்தார்' என்று குறித்துவிட்டு, அன்று முழுக்கக் குரலைத் தாழ்த்தியே பாடம் சொன்னார். சட்டப்படி பார்த்தால் அவரை வெளியே அனுப்பியிருக்கலாம், தம்பி. அனுப்பவில்லை.

பீனிக்ஸ் ஃபிட்டர்

மரியாதையோட சொல்றேன் அங்கிள், அந்தக் கண்டக்டர் தூங்கினாலும் வகுப்புக்கு வந்து சேர்ந்துட்டார்.

பழைய டர்பன்

வந்து சேர அவரிடம் பஸ் இருந்தது, தம்பி.

ஜோபர்க் மருமகள்

தலைப்புல கம்யூனிட்டி காலேஜ்னு இருக்கு, எல்லாரும் டீவெட்டையே பேசறீங்க. ரெண்டும் வேற. சமுதாயக் கல்விக் கல்லூரி 2015-ல வந்தது, மாகாணத்துக்கு ஒண்ணுன்னு மொத்தம் 9. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவங்களும் பெரியவங்களும் படிக்கிற இடம்.

நான் தஞ்சாவூர் பக்கம் பொறந்தவ, கல்யாணமாகி இங்க வந்தேன். பெரியவங்களுக்கான மேட்ரிக் எழுதலாம்னு லெனேஷியா பக்கத்துல ஒரு மையத்துல சேர்ந்தேன். மையம்னா தனிக் கட்டடம் கிடையாது. ஆரம்பப் பள்ளியில பிள்ளைங்க வீட்டுக்குப் போனப்புறம் நாங்க உள்ள போவோம். நாற்காலி முழங்கால் உயரம்தான்.

முதல் நாள் கரும்பலகை முழுக்க மூணாம் வகுப்பு வாய்ப்பாடு. மேல 'அழிக்க வேண்டாம்'னு காலை டீச்சர் கட்டம் கட்டி எழுதியிருந்தாங்க. எங்க சார் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் வலது ஓரத்துல மிச்சமிருந்த ஒரு சாண் இடத்துல இருபடிச் சமன்பாட்டைப் பொடி எழுத்துல எழுத ஆரம்பிச்சார். இடம் தீர்ந்ததும் ஓரத்தை மட்டும் கைக்குட்டையால துடைச்சு மறுபடி எழுதினார். வருஷம் பூரா அப்படித்தான். பின்னாடி உட்கார்ந்திருந்த பெரியவங்களுக்கு எழுத்து தெரியாது, ஒவ்வொருத்தரா எழுந்து வந்து பலகைகிட்ட நின்னு பார்த்து எழுதிக்கிட்டுப் போவாங்க. ஒரு வார்த்தை முனகினது இல்ல. எனக்குத்தான் பொறுக்கல. இந்த ஜனங்களுக்குன்னு ஒரு முழுப் பலகை கொடுக்க முடியாதா?

அக்கா, அந்தப் பொண்ணு ஜூலையில திரும்ப என்-4 சேர்ந்திருக்கலாமே? பார்த்தீங்களா?

சாட்ஸ்வொர்த் அக்கா

ஃபிட்டர் தம்பி, சட்டம் தப்புன்னு நான் எழுதவே இல்ல. அந்த 50 ராண்டைப் பத்தித்தான் எழுதினேன்.

மருமகளே, பார்த்தேன்மா. ஜூலையில என்-5 பதிவுக்குப் போன அன்னிக்கு, என் வேலை முடிஞ்சும் என்-4 வரிசை பக்கத்துல மத்தியானம் வரைக்கும் நின்னேன். மறுநாளும் போனேன். மூணாம் நாள் லிஸ்ட் ஒட்டினாங்க, நானும் விரலை வச்சு ஒவ்வொரு பேரா இறங்கிப் பார்த்தேன். அவ பேர் இல்ல. போன் நம்பரும் என்கிட்ட இல்ல. ஆறு மாசம் பக்கத்துல உட்கார்ந்தும் கேட்டு வாங்கிக்கல.