இம்ப்ரெஷன் அப்படியே இருக்கிறது, கிளிக் மட்டும் குறைகிறது: மாடித்தோட்டத் தளத்துக்கு என்ன செய்யலாம்?

விதைப்பெட்டி:

அனைவருக்கும் வணக்கம். மாடித்தோட்டம் வைப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு தளம் நடத்திவருகிறோம். கட்டுரை படிக்க வருபவர்களில் ஒரு பகுதியினர் எங்களிடமே நாட்டு விதைகளையும் வாங்குகிறார்கள். அந்த வருமானத்தில்தான் தளம் நடக்கிறது. சில மாதங்களாக, தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷனும் (தேடல் முடிவில் எங்கள் பக்கம் எத்தனை முறை தெரிந்தது என்ற எண்) சராசரி இடமும் ஏறக்குறைய பழைய நிலையிலேயே இருக்க, கிளிக் மட்டும் தொடர்ந்து குறைந்துவருகிறது. மாவுப்பூச்சிக்கு வேப்ப எண்ணெய் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று தேடினால், எங்கள் பக்கத்துக்கு மேலேயே ஏஐ தொகுத்த விடை வந்து நிற்கிறது.

இணைய விளம்பர நிறுவனம் ஒன்றிடம் கேட்டபோது மூன்று வழிகளைச் சொன்னார்கள்: மாதந்தோறும் ஏஐ மூலம் நூற்றுக்கணக்கான கட்டுரைகள், வெளித்தளங்களில் விலைகொடுத்து வாங்கும் இணைப்புகள், எல்லாப் பக்கங்களிலும் கேள்வி-பதில் ஸ்கீமா (பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு). இவற்றில் எதற்கேனும் இன்று பயன் உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

வலைத்தச்சன்:

வணக்கம். மூன்றில் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

விலைக்கு வாங்கும் இணைப்புகளின் காலம் 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பெங்குவின் மாற்றத்தோடு முடியத் தொடங்கியது. 2016இல் அது கூகுளின் மையக் கட்டமைப்பிலேயே சேர்ந்த பிறகு, அத்தகைய இணைப்புகள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்கப்படுவதில்லை. அளவு மீறினால் தண்டனையும் வரலாம். கேள்வி-பதில் ஸ்கீமாவைப் பொறுத்தவரை, முடிவுப் பக்கத்தில் அந்த விரிந்த தோற்றத்தை 2023 ஆகஸ்டிலேயே பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் உடல்நலத் தளங்களுக்கும் மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. அதை இன்றும் ஒரு சேவையாக விற்கிறார்கள் என்றால், அவர்கள் கூகுளின் அறிவிப்புகளைப் படிப்பதில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மூன்றிலும் ஆபத்தானது அந்த மொத்தக் கட்டுரைத் திட்டம். கூகுள் தரவரிசையில் பயனுள்ள உள்ளடக்கத்துக்கான மாற்றம் 2022 ஆகஸ்டில் ஆங்கிலத்துக்கும், அவ்வாண்டு டிசம்பரில் எல்லா மொழிகளுக்கும் வந்தது. 2024 மார்ச்சில் அது மையத் தரவரிசையில் கலந்ததோடு, தேடலில் இடம்பிடிப்பதற்காகவே மொத்தமாக எழுதிக் குவிப்பது விதிமீறல் என்றும் அறிவிக்கப்பட்டது. எழுதியது மனிதரா, இயந்திரமா என்பது அங்கே கேள்வியில்லை. படிப்பவருக்குப் புதிதாக எதுவும் தராத பக்கங்களை அடுக்குவதுதான் குற்றம். தளம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் அளவீடுகளும் கூகுளிடம் இருப்பதால், நீங்கள் உழைத்து எழுதிய நல்ல கட்டுரைகளையும் அந்தக் குவியல் கீழே இழுத்துவிடக்கூடும்.

உங்கள் கிளிக் குறைவதற்கு நீங்களே சொன்ன காரணம் பொருந்தக்கூடியதுதான். நீங்கள் சொன்ன அந்தத் தொகுத்த விடை, அதாவது கூகுளின் ஏஐ ஓவர்வியூ, 2024 ஆகஸ்டில் இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. தமிழ் உள்ளிட்ட மேலும் சில மொழிகளுக்கு விரிவுபடுத்துவதாக அக்டோபரில் அறிவித்தார்கள். ஒரே வரியில் விடை முடிந்துவிடும் கேள்விகளுக்கு இனி வாசகர் உள்ளே வர வேண்டிய தேவை குறைவு. அந்தக் கிளிக்குகளைத் துரத்திப் பிடிப்பதில் பொருளில்லை என்று நினைக்கிறேன். ஆனால் சென்னையின் சித்திரை வெயிலில் மேல்மாடித் தொட்டியில் தக்காளிப் பூ ஏன் உதிர்கிறது, நிழல்வலை கட்டிய பிறகு என்ன மாறியது, எந்த நாட்டு ரகம் தாங்கியது என்பதை உங்கள் மாடியில் எடுத்த படங்களோடு எழுதினால், அதை இரண்டு வரியில் சுருக்கித் தந்தாலும் வாசகருக்குப் போதாது. முழுவதையும் பார்க்க உங்களிடம் வந்தாக வேண்டும். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுபவர்களுக்குக் கூகுள் தரும் வழிகாட்டியில் 2022 டிசம்பரில் நேரடி அனுபவம் என்ற கூறு தனியாகச் சேர்க்கப்பட்டதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

அளவுகோல்:

வலைத்தச்சன் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் காரணம் ஏஐ சுருக்கம்தான் என்று எண்களைப் பிரித்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். சர்ச் கன்சோல் ஏஐ ஓவர்வியூவில் கிடைக்கும் இம்ப்ரெஷனையும் கிளிக்கையும் வழக்கமான தேடல் கணக்கோடு சேர்த்தே காட்டுகிறது. எனவே தேடுசொற்களை நீங்களே வகைபிரிக்க வேண்டும். "எவ்வளவு", "எப்போது", "என்றால் என்ன" போன்றவை ஒரு பக்கம். "விதை", "விலை", "வாங்க" போன்றவை மறுபக்கம். உங்கள் தளத்தின் பெயரைச் சொல்லித் தேடியவை தனியாக. முதல் வகையில் மட்டும் சரிவு என்றால் சுருக்கத்தின் தாக்கம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். வாங்கும் நோக்கமுள்ள சொற்களிலும் சரிவு என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். போட்டித் தளங்களோ விளம்பரங்களோ உங்கள் இடத்துக்கு மேலே வந்திருக்கலாம்.

தோட்டத் தேடல்கள் விதைப்புப் பட்டத்தை ஒட்டியே ஏறி இறங்குபவை. ஆடிப்பட்டத்துக்கு முந்தைய வாரங்களை மாசி மாதத்தோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. சென்ற ஆண்டின் அதே வாரங்களோடுதான் ஒப்பிட வேண்டும். கன்சோலில் 16 மாதத் தரவு மட்டுமே இருக்கும் என்பதால், இன்றே அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்கள் ஏராளம். வகைபிரிக்கும்போது அவர்களின் எழுத்துக்கூட்டலையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

விதைப்பெட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த நிறுவனத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். இன்னொரு ஐயம்: எங்கள் கட்டுரைகளை ஏஐ சுருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்க வழியுண்டா? தளத்தில் எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரைத் தடுத்தால் போதும் என்று ஒரு நண்பர் சொன்னார்.

வலைத்தச்சன்:

போதாது. கூகுள்-எக்ஸ்டெண்டட் தடை கூகுளின் ஜெமினி ஏஐ மாதிரிகளின் பயிற்சி போன்றவற்றைத்தான் கட்டுப்படுத்தும். தேடல் பக்கத்தின் ஏஐ ஓவர்வியூவுக்கு அது பொருந்தாது. பக்கத்திலிருந்து எதையும் எடுத்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லும் நோஸ்னிப்பட் கட்டளை அங்கே வேலை செய்யும், ஆனால் அதைப் போட்டால் வழக்கமான தேடல் முடிவில் உங்கள் பக்கத்தின் தலைப்புக்குக் கீழே வரும் விவரணையும் போய்விடும். தளத்தின் பிழைப்பே விதை விற்பனையில் இருக்கும்போது அந்த விலையைக் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைவீதி:

நானும் இணையத்தில் சிறிய அளவில் பொருள் விற்பவன் என்பதால் வணிகத்தின் பக்கமிருந்து ஒன்றைச் சொல்கிறேன். விதைப் பக்கங்கள் ஒவ்வொன்றிலும் விலை, இருப்பு, விதைக்கும் பட்டம், எந்த ஆண்டு அறுவடையான விதை என்பவை எழுத்தாகவே இருக்கட்டும். படத்துக்குள் மட்டும் எழுதிவைக்காதீர்கள். விலைக்கும் இருப்புக்கும் விற்பனைப் பொருளுக்கான ஸ்கீமா இன்றும் பயன்தருகிறது. பெரும்பாலானோர் கைபேசியில்தான் வருவார்கள். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளே வைத்திருக்கும் அளவு.

ஏற்கெனவே வாங்கியவர்களைத் தேடுபொறி வழியாகவே மறுபடி வரவழைக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் உங்கள் வாட்ஸ்அப் எண்ணை அச்சிட்டு, ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும் பட்டம் தொடங்கும் முன் ஒரு செய்தி அனுப்புங்கள். அடுத்த பட்டத்துக்கான பொட்டலங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே இதைச் சேர்த்துவிடுவது நல்லது.