கழுத்து ரத்தக்குழாய் 100% பிளாக், திறக்க முடியுமான்னு ஸ்கேன்லயே தெரியுமா?

சேலத்துப்பையன்:
அப்பாவுக்கு 63 வயசு, சுகர் இருக்கு. போன மாசம் வலது கை மரத்து பேச்சு குழறுச்சு, கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுச்சு. டாப்ளர் ஸ்கேன்ல இடது பக்கம் மூளைக்குப் போற உள் கரோட்டிட்ங்கிற கழுத்து ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருக்குன்னு வந்திருக்கு. ஒரு டாக்டர் மாத்திரை போதும்ங்கிறார், இன்னொருத்தர் ஸ்டென்ட் வச்சு திறக்க ட்ரை பண்ணலாம், அதுக்கு முன்னாடி சிடி ஆஞ்சியோவும் (மருந்து ஏத்தி ரத்தக்குழாயைப் பார்க்கிற சிடி ஸ்கேன்) குழாய் சுவரைப் பார்க்கிற எம்ஆர்ஐயும் எடுங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கார். இத்தனை ஸ்கேன் தேவைதானா?

ஸ்கேன்ரூம்:
தேவைதான் தம்பி, நான் இந்த வேலையிலதான் இருக்கேன். டாப்ளர்ல முழு பிளாக்னு வர்றதுல சிலருக்கு நூல் மாதிரி ரத்தம் ஓடிட்டே இருக்கும், அதுக்கு வைத்தியமே வேற, அதனால சிடி ஆஞ்சியோவுல உறுதி பண்ணணும். அடுத்து அடைப்பு ஆரம்பிக்கிற இடத்துல ஸ்டம்ப், அதாவது அடைப்புக்கு முன்னாடி மிச்சமிருக்கிற குழாய் முனை, கூம்பா இருக்கான்னு பார்ப்பாங்க, இருந்தா ஸ்டென்ட் வைக்க விடற மெல்லிய வயர் நுழைய வழி கிடைக்கும், மொட்டையா இருந்தாலோ ஸ்டம்பே இல்லைன்னாலோ கஷ்டம். அதைவிட முக்கியம் மேல எந்த இடத்துல குழாய்ல திரும்ப ரத்தம் தெரியுதுங்கிறது. கண்ணுக்குப் போற குழாய் வழியா ரத்தம் பின்னோக்கி வந்து காதுப்பக்க எலும்பு வரைக்கும் நிரப்பியிருந்தா அடைப்பு குட்டைன்னு அர்த்தம், மூளைகிட்ட போய்தான் தெரியுதுன்னா நீளமான அடைப்பு. சுவர் எம்ஆர்ஐ எதுக்குன்னா உள்ள வெறும் ரத்தக்கட்டிதான் இருக்கா, இல்ல குழாயே சுருங்கிப் போயிடுச்சான்னு காட்டும். சுருங்கிப் போனதைத் திறக்கிறது ரொம்ப சிரமம், அடைச்சு நாளாக ஆக வாய்ப்பும் குறையும்.

காவேரிக்கரை:
எங்க மாமாவுக்கு ஸ்டம்ப் சரியா இல்லாமலே ட்ரை பண்ணாங்க, வயர் சுவருக்குள்ள புகுந்துடுச்சு, அதோட நிறுத்திட்டாங்க. இப்ப மாத்திரைலதான் ஓடுது, நல்லா இருக்கார். ஸ்கேனைக் காட்டி எவ்ளோ வாய்ப்புன்னு நேரா கேளுங்க.

மருந்துக்கடை:
திறக்க முடியுமாங்கிறது ஒண்ணு, திறக்கணுமாங்கிறது வேற. அதையும் ஸ்கேன்லதான் பார்க்கணும், பெர்ஃபியூஷன்னு ஒண்ணு இருக்கு, அந்தப் பக்க மூளைக்கு ரத்தம் பத்தலையான்னு சொல்லும். அதுலயும் கவனம் வேணும். அமெரிக்காவுல காஸ்னு ஒரு ஆய்வு, 2011ல வந்தது, பெட் ஸ்கேன் எடுத்து மூளைக்கு ஆக்சிஜன் பத்தாதவங்களா தேர்ந்தெடுத்தே பைபாஸ் (தலைக்கு வெளிய இருக்கிற ரத்தக்குழாயை மூளைக் குழாயோட இணைக்கிற ஆபரேஷன்) பண்ணாங்க. 2 வருஷத்துல ஸ்ட்ரோக் வந்தது பைபாஸ் பண்ணவங்கள்ல 21%, பண்ணாதவங்கள்ல 22.7%, முதல் 30 நாள்ல மட்டும் பார்த்தா பண்ணவங்கள்ல 14.4%, பண்ணாதவங்கள்ல 2%. அது பைபாஸ், ஸ்டென்ட் இல்ல, ஆனா ஸ்கேன்ல குறை தெரியுதுங்கிறதுக்காகவே உடனே கை வைக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். நாளா அடைச்சதைத் திறந்தா திடீர்னு ரத்தம் அதிகமா பாய்ஞ்சு மூளையில கசியற ஆபத்தும் இருக்கு.

சேலத்துப்பையன்:
ரொம்ப நன்றிண்ணா. சிடி எடுக்கும்போதே பெர்ஃபியூஷனும் சேர்த்து எடுக்கலாமா?

ஸ்கேன்ரூம்:
எடுக்கலாம், டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. கிட்னிக்கான கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் கொண்டு போங்க, மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை சாப்பிடறார்னா முன்னாடியே சொல்லிடுங்க. நடுவுல திரும்ப கை மரத்தாலோ பேச்சு குழறினாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க தம்பி.