கிணற்றுத் தண்ணீரில் ஸ்மார்ட் ஸ்பிரிங்ளர்: காவேரிப்பட்டணம் பக்கம் யாராவது போட்டிருக்கிறீர்களா?

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டணம்)

எல்லோருக்கும் வணக்கம். பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வீடு. வாசலில் 58 அடிக்கு 30 அடி, கிட்டத்தட்ட 4 சென்ட், கொரியன் புல் போட்டிருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. நடந்து பழகச் சொன்னார்கள். சிமென்ட் வாசலில் நடந்து இரண்டு தடவை விழுந்துவிட்டார். அதற்காகவே போட்ட புல் இது. காலையில் செருப்பில்லாமல் வேப்பமரத்திலிருந்து கேட் வரை போவார், திரும்புவார். இப்போது கைத்தடி இல்லாமலே இருபது நடை நடக்கிறார். அதனால் "புல் எதற்கு" என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

தண்ணீர், கிணற்றுத் தண்ணீர். 20 அடி விட்டம், 55 அடி ஆழம், மாமாவின் அப்பா காலத்தில் பாறைக்கு வெடி வைத்து இறக்கியது. உள்ளே இரண்டு மோட்டார். விவசாய இணைப்பில் 5 ஹெச்பி, அது மாந்தோப்புக்கு. வீட்டு இணைப்பில் 1 ஹெச்பி ஓப்பன்வெல் மோட்டார், அது மாடித் தொட்டிக்கு. புல்லுக்கு இத்தனை நாள் நான்தான் ஓஸ் பிடித்தேன். கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போகிறவள், எட்டு மணி பஸ்ஸை விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

டல்லாஸில் இருக்கும் என் தம்பி போன வருடம் வரும்போது ஒரு ஸ்மார்ட் கன்ட்ரோலர், நான்கு சொலினாய்டு வால்வு (கரண்டில் திறந்து மூடுவது), பதினைந்து ஸ்பிரிங்ளர் தலை எல்லாம் வாங்கி வந்தான். "வெயில் மழை பார்த்து அதுவே தண்ணீர் விடும் அக்கா, நீ போனில் பார்த்தால் போதும்" என்றான். முதல் நாளே அதன் அடாப்டரைச் சொருகியதும் கருகிப்போனது. அந்த ஊர் 120 வோல்ட் சாமான், இங்கே 230. வேறு வாங்கினோம். பைப் வேலைக்கு வந்தவர் வீட்டு மோட்டார் லைனிலேயே நான்கு வால்வையும் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

ஏப்ரல் கடைசியில் வெயில் ஏற ஏற, அந்தக் கன்ட்ரோலர் பெட்டி தானாகவே நேரத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் போட்டது. முந்தின நாள்தான் தோப்புக்கு 5 ஹெச்பி ஓடியிருந்தது. கிணறு அடியோடு வற்றிப்போய், மோட்டார் காற்றைக் குடித்துக்கொண்டே ஓடி, காயில் எரிந்துவிட்டது. காலையில் மாட்டுக்குத் தாழியில் ஊற்றக்கூடத் தண்ணீர் இல்லை. அத்தை பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் சுமந்து வந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சுவிட்சை நிறுத்தியதுதான், பெட்டி சும்மா தொங்குகிறது.

இந்த வெயிலுக்கு முன் சரி செய்தாக வேண்டும். போர் போடச் சொல்கிறார்கள் சிலர். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் தானே நிற்கிற மாதிரி வழி உண்டா? பெரிய மோட்டார் வேண்டுமா?

ஓசூர் மாடித்தோட்டம்

சகோதரி, மாடித் தொட்டிதான் இருக்கிறதே, அதிலிருந்தே வால்வுக்கு லைன் கொடுத்துவிடலாமே. மோட்டார் பிரச்சினையே வராது. நான் மாடியில் சொட்டு நீருக்கு அப்படித்தான் விட்டிருக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் பெட்டி எந்த ஊர் வானிலையை எடுக்கிறது என்று ஆப்பில் பாருங்கள். என்னுடையது பெங்களூருவை எடுக்கிறது. ஓசூருக்கு அது பரவாயில்லை, இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே உயரம். சூளகிரி தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் வெயிலே வேறு, மழையும் வேறு.

பாலக்கோடு பைப்லைன்

சொட்டு நீர், ஸ்பிரிங்ளர் வேலையில் 22 வருடம் ஆகிறது எனக்கு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓசூர் தம்பி சொன்னது. சொட்டு நீருக்குச் சரி, ஸ்பிரிங்ளருக்கு ஆகாது. 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 கிலோ பிரஷர். மாடித் தொட்டி 20 அடி உயரம் என்றால் 0.6 கிலோ வரும். தலை எழும்பிச் சுற்ற இரண்டு, மூன்று கிலோ வேண்டும். இல்லாவிட்டால் தலை பாதி எழும்பி அங்கேயே ஒழுகிக்கொண்டு நிற்கும்.

இப்போது உங்கள் விஷயம். பெட்டிக்கு வானத்தைப் பற்றித் தெரியும். கிணற்றைப் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் ஊர்க் குழாயில் மாட்டுகிற சாமான் அது. வால்வைத் திறந்தால் தண்ணீர் இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும். வெயில் கூடினால் நேரத்தைக் கூட்டும், அதே வெயிலில்தான் நம் கிணறு இறங்கும். போன வருடம் உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் கிணற்றை அளந்துவிடுங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, கால் அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் எல்லாம் நிறுத்திவிட்டு ஒரு அளவு, விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு அளவு. 20 அடி விட்டக் கிணற்றில் ஒரு அடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 8,900 லிட்டர். இரவில் எவ்வளவு ஊறுகிறது என்று தெரிந்துவிடும். 5 ஹெச்பி ஒரு மணி நேரம் ஓடினால் எவ்வளவு இறங்குகிறது என்றும் பாருங்கள். ஒரு வாரம் எழுதி வைத்துவிட்டு இங்கே போடுங்கள். போர் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம். நம் பக்கம் பாறை, ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

புல்லுக்கு வேண்டியது சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் 1 லிட்டர். உங்கள் 4 சென்ட் 162 சதுர மீட்டர். கடும் வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 810 லிட்டர்தான்.

பென்னாகரம் வாத்தியார்

பைப் விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் என்று நினைக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற ஸ்பிரிங்ளர் லைனை எக்காரணம் கொண்டும் அந்தக் குழாயோடு இணைக்காதீர்கள். "தண்ணீர் போதாத அன்றைக்கு ஒரு வால்வைத் திருப்பிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். நம் இரண்டு மாவட்டத்திலும் கிணற்றிலும் போரிலும் ஃபுளோரைடு இருக்கிறது. என் வகுப்பில் பல் காவியேறி, சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளைகளை எத்தனையோ வருடம் பார்த்தவன் நான். 2013-இல் அந்தத் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பிரஷர் இறங்கும்போது புல்தரைத் தண்ணீர் பின்னால் இழுபட்டுக் குடிநீரில் கலந்துவிடும்.

உப்பையும் மறக்காதீர்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஓஸ் தண்ணீர் பட்டுப் பட்டு, சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகிவிட்டது. மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் பார்த்துக் கொடுப்பார்கள், ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டணம்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், மார்ச் மாதம் அலுவலகத்தில் தலை நிமிர முடியவில்லை.

அளந்துவிட்டோம். கயிற்றுக்கு முடிச்சுப் போட்டது மாமா. இடது கை இன்னும் சரியாகப் பிடிக்காது, முழங்காலுக்கு இடையில் கயிற்றை வைத்து இறுக்கி வலது கையால் போட்டார். இரண்டு நாள் ஆயிற்று. வேறு யாரையும் தொடவிடவில்லை.

ராத்திரி பன்னிரண்டு மணி நேரத்தில் ஐந்து முடிச்சு ஏறுகிறது, அதாவது ஒன்றேகால் அடி. நீங்கள் சொன்ன கணக்கில் 11,000 லிட்டருக்கு மேல். வீட்டுக்கும் மாட்டுக்கும் சேர்த்து 1,200 லிட்டர் ஆகும். புல்லுக்கு 810. அப்படியென்றால் தாராளமாகவே இருக்கிறது அண்ணா!

ஆனால் 5 ஹெச்பியைப் போட்டுவிட்டுப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஒரு மணி நேரத்தில் மூன்றரை அடி இறங்கிவிட்டது. 31,000 லிட்டர். புல் ஒரு மாதம் முழுக்கக் குடிப்பது 24,300. அதைவிட அதிகமாக ஒரே மணி நேரத்தில் தோப்பு வாய்க்காலில் போயிருக்கிறது. ஒரு வருடமாகச் சொந்தக்காரர்கள் வந்தால் எல்லாம் "இந்தப் புல்லால்தான் கிணறு வற்றியது" என்று சொல்வார்கள். மாமா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவார். அன்று கணக்கை அவரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாலக்கோடு பைப்லைன்

நல்லது அம்மா. போரும் வேண்டாம், பெரிய மோட்டாரும் வேண்டாம். அளந்தது பங்குனியில் என்பதை மட்டும் மனதில் வையுங்கள், சித்திரையில் ஊற்று இதில் பாதிக்குப் போகலாம். அப்போதும் போதும்.

கிணற்றையும் ஸ்பிரிங்ளரையும் பிரித்துவிடுங்கள். தரையில் 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. வீட்டு மோட்டார் அதைப் பகலில் நிரப்பட்டும், தொட்டி நிறைந்தால் ஃப்ளோட் (மிதவை சுவிட்ச்) நிறுத்திவிடும். வீட்டு மோட்டார் பலகையில் ட்ரை ரன் ப்ரொடெக்டர் போட்டுவிடுங்கள். கிணறு வற்றினால் ஆம்பியர் இறங்குவதைப் பார்த்து அது மோட்டாரை நிறுத்தும். போன வருடம் அது இருந்திருந்தால் உங்கள் காயில் பிழைத்திருக்கும். தொட்டியிலிருந்து புல்லுக்கு அரை ஹெச்பி பூஸ்டர் பம்ப் போதும். விவசாய இணைப்பை இதில் சேர்க்காதீர்கள், அது பயிருக்குக் கொடுத்தது.

கன்ட்ரோலருக்குள் மாஸ்டர் வால்வு அல்லது பம்ப் என்று ஒரு முனை இருக்கும். அதில் வருவது 24 வோல்ட் ஏசி. அதைக் கொண்டுபோய் பம்பில் நேராகக் கொடுக்கக்கூடாது. 24 வோல்ட் காயில் உள்ள ரிலே ஒன்று இடையில் வேண்டும், அதுதான் பம்பின் 230 வோல்ட்டைப் போட்டு நிறுத்தும். தொட்டியின் அடியில் இன்னொரு ஃப்ளோட்டைப் போட்டு அந்த ரிலே காயில் வயரில் தொடராகக் கோத்துவிட்டால், தொட்டி காலியானதும் பெட்டி என்ன சொன்னாலும் பம்ப் நிற்கும். நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

தம்பி கொண்டுவந்த வால்வில் ஒழுகல் இருந்ததா? இருந்திருக்கும். அமெரிக்க ஒரு இஞ்ச் மரை, இஞ்சுக்கு பதினொன்றரை சுற்று. நம் ஊர் ஃபிட்டிங் 11 சுற்று. டெஃப்ளான் டேப்பைச் சுற்றி முறுக்கினால் இரண்டு திருப்பு உள்ளே போகும், அப்புறம் விரிசல் விடும். இங்கே கிடைக்கிற ஒரு இஞ்ச் வால்வே வாங்கிவிடுங்கள், இரண்டு போதும்.

தலையின் வாயில் இருக்கும் நாசிலையும் மாற்ற வேண்டும். இப்போது இருப்பது விசிறி மாதிரி அடிக்கிற ஸ்ப்ரே என்றால் மணிக்கு 40 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டும். செம்மண் அவ்வளவு வேகமாகக் குடிக்காது, கேட்டுக்கு வெளியே ஓடியிருக்குமே. மெல்லிய தாரைகளாகச் சுற்றுகிற ரோட்டேட்டர் நாசில் மணிக்கு 10 மில்லிதான் விடும். பதினைந்து தலைக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 27 லிட்டர். இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 14. அரை ஹெச்பிக்கு அது சுலபம்.

தினமும் நனைக்க வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 மில்லி, ஒவ்வொரு பக்கமும் ஒரு மணி நேரம். மொத்தம் 1,620 லிட்டர், தொட்டிக்குள் அடங்கிவிடும். ஆப்பில் வெயிலுக்கு ஏற்றபடி நேரம் கூட்டும் வசதியை நிறுத்திவிட்டு, மழைக்கு நிறுத்துவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கூரை முனையில் வயர் போட்ட மழை சென்சார் ஒன்று மாட்டினால், பெங்களூருவைக் கேட்க வேண்டியதில்லை. பம்புக்குப் பின்னால் 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர் கட்டாயம்.

இன்னொன்று. ஈரப் புல் வழுக்கும். தண்ணீர் விடுகிற நாளில் ஐயாவை வெயில் ஏறி எட்டு மணிக்கு மேல் நடக்கச் சொல்லுங்கள்.

தோப்புக்குச் சொட்டு நீருக்கு எழுதிக் கொடுங்கள். சிறு, குறு விவசாயி சான்று இருந்தால் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. புல்லில் மிச்சம் பிடிப்பதைவிட அங்கேதான் கிணறு பிழைக்கும்.

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டணம்)

மே மாதக் கடைசி. எல்லாம் ஓடுகிறது. சித்திரையில் ஊற்று மூன்று முடிச்சுக்கு இறங்கியது, கிட்டத்தட்ட 6,700 லிட்டர். மோட்டார் ஒரு நாளும் காற்றைக் குடிக்கவில்லை. 5 ஹெச்பியை வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. சொட்டு நீருக்குத் தோட்டக்கலை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று.

தயிர்க் கப் பன்னிரண்டு வாங்கிப் புல்லில் பரப்பி வைத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். வேப்பமரத்தடியில் மட்டும் 6 மில்லி, மற்ற இடத்தில் 9, 10. மரத்தடி நாசிலைக் கழற்றிப் பார்த்தால், சல்லடையின் கண்ணில் வெள்ளை வெள்ளையாக உப்பு, அரிசி நொய் மாதிரி. வினிகரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். இப்போது அங்கேயும் 9. மாதம் ஒரு தடவை இதைச் செய்தால் போதும் என்று நினைக்கிறேன். வாத்தியார் சார், குடிநீர்க் குழாய் பக்கமே போகவில்லை, அது வேறு சுவர்.

மே இரண்டாவது வாரத்துக் கோடை மழையில் சென்சார் தானே நிறுத்திவிட்டது. என் பெட்டியும் பெங்களூருவைத்தான் எடுக்கிறது, போனில் அங்கே வறண்டு கிடக்கிறது என்றுதான் காட்டியது.

மாமா எட்டரைக்கு நடக்கிறார். அதற்கு முன் கிணற்று மேட்டுக்குப் போய்க் கயிற்றை விட்டு முடிச்சு எண்ணி, காலண்டரில் தேதிக்குக் கீழே எழுதிவிட்டுத்தான் புல்லுக்கு வருவார். நேற்று நான்கு.