புதுப்பிப்பு: 12 கட்டுரைகளும் புத்தக உரிமையும்

தாமிரபரணிக் கரை ஊர்களைப் பற்றிய என் 12 கட்டுரைகளைப் புத்தகமாக்க, "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று ஒரு பதிப்பகம் ஒப்பந்தத் தாள் நீட்டியதைப் போன மாதம் சொல்லியிருந்தேன். நீங்கள் பலரும் சொன்னபடி கையெழுத்துப் போடவில்லை.

பாளையங்கோட்டையில் அச்சுத் தொழிலில் ஊறிய அண்ணாச்சி ஒருவர் அதை வரிவரியாகப் படித்தார். "ஏ தம்பி, காலம் எங்க போட்டிருக்கு?" என்றார். எங்கும் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இது தெரிந்த பிறகுதான் பேசத் தைரியம் வந்தது.

தமிழ் அச்சுப் புத்தகம் மட்டும், 3 ஆண்டு, 10 சதவீத ராயல்டி (விற்பனையில் எனக்கு வரும் பங்கு) என்று எழுதி அனுப்பினேன். 3 ஆண்டை 5 ஆக்கினார்கள், மற்றதற்குச் சம்மதம். ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் என்னிடமே. முன்பணம் கிடைக்கவில்லை, அது வருத்தம்தான். ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆத்தூருக்கும் பஸ்ஸில் அலைந்த செலவு கையைக் கடித்தது.

அப்புறம், பாபநாசம் கட்டுரையைத் திரும்ப எழுதப் போகிறேன். அவசரத்தில் எழுதியது, அதில் அருவிச் சத்தமே இல்லை.